புதன்கிழமை வராத கொசு

2011-ஆம் வருடம், ஆவணி மாதம் என்று நினைவு. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் டிரெய்னியாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சாத்தூர்ப் பக்கம் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரு தோள்பையும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுமாக வந்து இறங்கியவன். என்னைப் போன்ற தென்மாவட்டப் பையன்கள் ஐம்பது அறுபது பேரைக் கம்பெனி வல்லம் வடகால் பக்கம் ஒரு இரண்டு மாடிக் கட்டடத்தில் தங்க வைத்திருந்தது. அறைக்கு இரண்டு பேர். கீழே மெஸ்.

அன்று காலை நான் எச்.ஆர். அதிகாரியின் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். நைட் ஷிஃப்டில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே தூங்கியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நின்றபடி தூங்குவது ஒரு திறமை என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் அப்படி நினைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மெயின் கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். போனை எடுத்த எச்.ஆர். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"கலெக்டரா? இங்கயா? எதுக்குய்யா?"

அடுத்த ஐந்து நிமிடம் அந்த ஆபீஸ் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒருவர் டையைத் தேடினார். இன்னொருவர் வரவேற்பறை ஜாடியில் இருந்த பிளாஸ்டிக் பூவை ஈரத்துணியால் துடைத்தார். அலமாரிக்குள் தூங்கிய பதிவேடுகள் எல்லாம் மேஜைக்கு ஏறின. சும்மா நின்ற என்னைப் பார்த்து, "ஏன்யா வெறுந்தலையோட நிக்குற, ஹெல்மெட் போடு" என்று ஒருவர் கத்தினார். எச்.ஆர். ஒரு சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன்.

கேட்டில் நின்றது ஒரு பழைய ஸ்கூட்டி. பக்கத்தில் தோளில் காக்கிப் பை மாட்டிய ஒரு பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருந்தால் அதிகம். கையில் டார்ச் லைட். பையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் எட்டிப் பார்த்தது.

"மேடம்... கலெக்டர்?" என்றார் எச்.ஆர்., அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வேறு யாராவது கார் ஏதாவது வருகிறதா என்று எக்கிப் பார்த்தபடி.

"நான்தான் சார். இன்செக்ட் கலெக்டர். பூச்சி சேகரிக்கற வேல. செக்யூரிட்டி அண்ணன்கிட்ட முழுசாத்தான் சொன்னேன். அவுரு பின்னாடி பாதிய மட்டும் புடிச்சிக்கினாரு."

எச்.ஆர். சால்வையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

விஷயம் இதுதான். அந்தப் பக்கம் தொழிலாளர்கள் தங்கியிருந்த சில விடுதிகளில் மலேரியா வந்திருந்தது. மலேரியா பரப்பும் கொசு எங்கெங்கே இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று தினமும் கண்காணிக்க வேண்டும். குன்றத்தூரிலிருந்து வந்து போகும் அந்த மேடம் ஒருவரால் எல்லா இடத்தையும் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் ஹாஸ்டலுக்கு ஓர் ஆளை ஒதுக்க வேண்டும். வந்தது நிஜக் கலெக்டர் இல்லை என்ற நிம்மதியில் எச்.ஆர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"ஒண்ணு மட்டும் சார்" என்றார் மேடம். "அந்த ஆளுக்கு நைட் ஷிஃப்ட் போடாதீங்க. ராப்பூரா வேல பாத்துட்டு வந்தா, செவுத்துல எது கொசு, எது ஆணின்னு தெரியாது."

நைட் ஷிஃப்ட் இல்லை என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தானாக உயர்ந்தது. ஹெல்மெட் கூட மாட்டியிருந்ததால் பொறுப்பான பையன் போலத் தெரிந்தேன் போலிருக்கிறது. விளக்கக் கடிதம் மறந்துபோனது, வேலை எனக்குக் கிடைத்தது.

அன்று சாயங்காலமே மேடம் ஹாஸ்டலுக்கு வந்து சொல்லிக் கொடுத்தார். ஒரு கண்ணாடிக் குழாய், அதோடு சேர்ந்த ரப்பர் குழாய். ரப்பர் முனையை வாயில் வைத்து, கண்ணாடி முனையைக் கொசுவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் 'சர்' என்று உறிஞ்ச வேண்டும். கொசு கண்ணாடிக்குள் வந்துவிடும். நடுவில் வலை இருக்கிறது, வாய்க்கு வராது. வலை இறுக்கமாக இருக்கிறதா என்று நான் மூன்று முறை கேட்டேன்.

"மத்த கொசு செவுத்துல படுத்த மாரி உக்காரும். மலேரியா கொசு அப்டி இல்ல. தலைய கீழ வெச்சி, பின்னாடிய தூக்கிக்கினு, தண்டால் எடுக்கற மாரி உக்காரும். அத மட்டும் எண்ணி எழுதுங்க."

மேல்மாடியில் எங்கள் வரிசையில் இருந்த ஐந்து அறைகள் என் பொறுப்பு. தினமும் காலை ஆறரை மணிக்கு ஒவ்வொரு அறையிலும் சுவர், கட்டிலுக்கு அடி, தொங்கும் துணிக்குப் பின்புறம் எல்லாம் பார்த்து, அறைக்கு இத்தனை என்று ஒரு தாளில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"கொல்ல வேணாமா மேடம்?"

"அது அப்பால. எவ்ளோ இருக்குன்னு தெரியாம எங்க போய் மருந்தடிக்கறது? ஒண்ணும் இல்லன்னா இல்லன்னே எழுதுங்க தம்பி. அதுவும் எங்களுக்கு வேணும்."

என்னைத் தம்பி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

நான்கு நாள் ஒழுங்காகச் செய்தேன். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெருமைப்பட வேறு ஒன்றும் இந்தக் கதையில் இல்லை. முதல் நாள், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்த ஒருவன் முகத்தில் டார்ச் அடித்துவிட்டேன். "திருடன்" என்று அவன் போட்ட சத்தத்தில் கீழ்மாடியிலிருந்து நாலு பேர் துடைப்பத்தோடு ஓடி வந்தார்கள். இரண்டாம் நாள், சுவரில் தொங்கிய ஒரு பேண்ட்டுக்குப் பின்னால் கொசு இருந்தது. பேண்ட்டுக்கு உரியவன் கண் விழித்தபோது, நான் வாயில் ரப்பர் குழாயோடு அவன் பேண்ட்டை முகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தான். அதிலிருந்து அவன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். நான்காம் நாள் வலை நழுவிவிட்டது. கொசு எங்கே போனதென்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இருமிப் பார்த்தேன், வரவில்லை.

இவ்வளவு பாடுபட்டு நான்கு நாளில் கிடைத்தது மொத்தம் மூன்று கொசு.

ஐந்தாம் நாள் மழை. போர்வைக்குள் கதகதப்பாக இருந்தது. கண் விழித்தபோது ஏழு மணி. ஓடிப்போய் மெஸ்ஸில் உட்கார்ந்தேன். பையில் வெற்றுத் தாள். பஸ் ஏறும்போது எச்.ஆர். ஆபீஸுக்கு அதைக் கொடுத்தனுப்ப வேண்டும். என்ன எழுதுவது? எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டால் சந்தேகம் வரும். மனதுக்குத் தோன்றியதைப் போட்டாலும் எல்லாம் மூன்று, மூன்று என்றே வந்தது. அப்போதுதான் எதிரே பார்த்தேன்.

எங்கள் மேஜையில் தினமும் ஐந்து பேர் சேர்ந்து உட்காருவோம். அறைக்கு ஒருவனாக மற்ற நான்கு அறைப் பையன்கள். எங்கள் அறைக்கு என் ரூம்மேட். நான் ஓரத்தில் தனியாக ஒரு ஸ்டூலில். ஐந்து தட்டு, ஐந்து அறை. முதல் தட்டில் நான்கு இட்லி. முதல் அறை, நான்கு. இரண்டாம் தட்டில் மூன்று. இரண்டாம் அறை, மூன்று. ஒரு நிமிடத்தில் தாள் நிறைந்துவிட்டது. பார்த்தால் ஏறியும் இறங்கியும் அவ்வளவு இயற்கையாக இருந்தது. கொசுவே வந்து எழுதியிருந்தாலும் அப்படி இருந்திருக்காது.

என் ரூம்மேட் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். நல்ல உயரம், நல்ல பருமன். எட்டு இட்லிக்குக் குறையாமல் சாப்பிடுவான். அதனால் எங்கள் அறையில் எப்போதும் எட்டு கொசு.

புதன்கிழமைதான் சிக்கல். அன்று மெஸ்ஸில் பொங்கல். பொங்கலை எப்படி எண்ணுவது? கூட ஒரு வடை வைத்திருந்தாலாவது ஒன்று என்று எழுதலாம். எங்கள் மெஸ்காரர் வடை வைப்பவர் இல்லை. அதனால் புதன்கிழமை ஐந்து அறைக்கும் பூஜ்யம் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து எச்.ஆர். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மாட்டிக்கொண்டேன் என்றுதான் போனேன். அவரோ கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் எண்களை எல்லாம் ஐந்து வண்ணக் கோடுகளாகப் போட்டு ஒரு கிராஃப்.

"டேட்டாவைப் பாத்தியா? புதன்கிழமை புதன்கிழமை கொசு சுத்தமா இல்ல. கவனிச்சியா?"

"ஆமா சார். எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு."

"ஏன்னு கண்டுபிடிச்சிட்டேன். செவ்வாக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல்ல பினாயில் போட்டுத் தொடைக்கிறோம்ல? அதான்!"

மறுநாளிலிருந்து தினமும் இரண்டு வேளை பினாயில். ஹாஸ்டல் முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. அப்படியும் புதன்கிழமை மட்டும்தான் பூஜ்யம் வந்தது. எச்.ஆர். விடவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் பினாயிலில் என்ன விசேஷம் என்று ஹாஸ்டல் வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்தார். வாட்ச்மேன் உள்ளூர்க்காரர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு இந்த வேலைக்கு வந்தவர்.

"இன்னா சார் விசேஷம்? பாட்டில தொறக்கறேன், ஊத்தறேன், தொடைக்கறேன். செவ்வாக்கெழமைக்குன்னு தனியா மந்திரமா சொல்றேன்?" என்றார் அவர்.

அதையும் எச்.ஆர். குறித்துக்கொண்டார்.

அடுத்து எங்கள் அறை. எட்டு, எட்டு என்று சிவப்புக் கோடு உச்சியிலேயே நின்றதால், ஆள் வைத்து எங்கள் அறைக்கு மட்டும் மருந்தடித்தார்கள். என் நல்ல சட்டை இரண்டிலும் வெள்ளைப் புள்ளி விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் சிவப்புக் கோடு இறங்க ஆரம்பித்தது. ஐந்து, ஒன்று, நான்கு, ஒன்று, மூன்று, பூஜ்யம். அந்தக் கிராஃபை அச்செடுத்துக் கம்பெனியிலும் மெஸ்ஸிலும் போர்டில் ஒட்டினார்கள்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, "அர்ப்பணிப்பு" என்று ஏதோ பேசி, என் பெயர் பொறித்த ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க்கைப் பரிசாகக் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் என் ரூம்மேட்டும் தட்டினான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தட்டினான்.

அவனுக்குக் காய்ச்சல் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையிலேயே குளிர் வந்து பல் கிட்டும். அப்புறம் காய்ச்சல் கொதிக்கும். சாயங்காலம் வேர்த்து விட்டுவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து வேலைக்குப் போவான். அதற்கடுத்த நாள் மறுபடி குளிர். சூப்பர்வைசர் அவனை நம்பவில்லை. "நேத்து அந்த நடுங்கு நடுங்குன, இன்னிக்கு நல்லா நிக்குற. நாளைக்கு என்ன, மறுபடியும் நடுக்கமா? கேலண்டர் பாத்து வருதோ உனக்கு?" என்று லைனிலேயே வைத்துக் கேட்டார்.

கம்பெனி ஃபர்ஸ்ட் எய்ட் அறைக்கு அவனை நான்தான் கூட்டிப்போனேன். அங்கிருந்த நர்ஸ் அண்ணன், "ரூம்ல கொசு உண்டா?" என்று கேட்டார்.

இந்த இடத்தைச் சொல்லத்தான் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. "எங்க ரூம்லதாண்ணே கொறஞ்சிருக்கு. எட்டு இருந்தது இப்ப ஒண்ணு ரெண்டுதான். போர்டுல பாருங்க" என்றேன், பெருமையாக. பொய்யென்று தெரிந்து சொல்லவில்லை. சொந்தப் பொய்யையே வண்ணக் கோடாகப் போட்டுச் சுவரில் ஒட்டி, அதற்குப் பரிசும் கொடுத்துவிட்டால், அது பொய் என்பது சொன்னவனுக்கே மறந்துபோகிறது. நர்ஸ் அண்ணனும் போர்டைப் பார்த்தார். "அப்ப வைரல் ஃபீவரா இருக்கும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

எட்டு, எட்டு என்று இருந்தவரை தாள்களை வெளியே அனுப்ப எச்.ஆருக்கு மனம் வரவில்லை. கோடு இறங்கிய பிறகுதான் மொத்தத்தையும் மேடத்துக்கு அனுப்பினார். ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, நாங்கள் மெஸ்ஸில் இருந்தபோது, மேடத்தின் ஸ்கூட்டி வந்து நின்றது. உள்ளே வந்தார். நேராகப் போர்டுக்குப் போய், தாள்களைப் பையிலிருந்து எடுத்து, கிராஃபோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ஏரியாவுலயே இவ்ளோ கொசு எங்கயும் இல்ல தம்பி. ஒங்க ஹாஸ்டல்ல கீது. எங்க உக்காந்து எழுதுவீங்க?"

"ரூம்லதான் மேடம்... நின்னுக்கிட்டேதான்..."

அவர் ஒரு தாளை எடுத்து முகர்ந்து பார்த்தார். அடுத்ததை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"முக்காவாசித் தாள்ல சாம்பார் சொட்டு. இதோ இதுல சட்னி. புதன்கெழம தாள்ல மட்டும் நெய். சொல்லுங்க."

சொன்னேன். சொல்லும்போது சுற்றி இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன், "அப்ப மூணாம் நம்பர் ரூம் கொசு நாந்தானா?" என்று எழுந்து நின்று கும்பிட்டான். எனக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது. மேடம் சிரிக்கவில்லை. சிவப்புக் கோட்டின் கடைசிப் பகுதியில் விரலை வைத்து மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு, ஒண்ணு, நாலு, ஒண்ணு, மூணு, பூஜ்யம்... கொசு இப்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏறி எறங்காது. மலேரியாக் காய்ச்சல்தான் இப்டி ஏறி எறங்கும். இது யார் தட்டு?"

சிரிப்பு நின்றுபோனது. நான் திரும்பிப் பார்த்தேன். மேஜையில் ஐந்தாவது இடம் காலியாக இருந்தது.

"என் ரூம்மேட்டு மேடம்."

"ஆளு எங்க?"

மாடிப்படியில் அவர் எனக்கு முன்னால் ஓடினார். அறையில் என் நண்பன் இரண்டு போர்வை, அதற்கு மேல் என் ஜமுக்காளம், எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு கிடந்தான். அவன் நடுக்கத்தில் இரும்புக் கட்டில் கடகடவென்று ஆடியது. மேடம் பையைத் திறந்து, அவன் விரல் நுனியில் ஊசியால் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி எடுத்தார். "இவுர மொதல்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போங்க. ரிசல்ட் அங்கயே சொல்லி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார். மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. மலேரியாதான். இன்னும் சில நாள் இப்படியே விட்டிருந்தால் ஆள் தாங்கியிருக்க மாட்டான் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

திங்கட்கிழமை எச்.ஆர். அறை. மேடமும் உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். எச்.ஆர். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"அப்ப புதன்கிழமை?"

"பொங்கல் சார்."

"பினாயில்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார்."

"ஒரு நாள் மூணாம் நம்பர் ரூம்ல பதினொண்ணு வந்துதே? சாக்கடை சரியில்லன்னு நான் மெஸ்காரரைக் கூட அந்தத் திட்டு திட்டினேனே?"

"அன்னைக்கு அவனுக்குப் பொறந்தநாள் சார். மெஸ்காரர் ஆசையா கூடக் கொஞ்சம் வச்சாரு."

எச்.ஆர். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தலைமை ஆபீஸ் கூட்டத்தில் பேசுவதற்காகச் செவ்வாய்க்கிழமைப் பினாயிலைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் தயார் செய்து வைத்திருந்தாராம். பிறகு முகத்திலிருந்து கையை எடுத்தார். குரல் மாறியிருந்தது. "உன்னை வீட்டுக்கு அனுப்புறதுதான் முறை" என்றார். ஊரில் அப்பா எல்லாரிடமும் பையன் கார் கம்பெனியில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார்.

"அனுப்பினா நாளைக்கு காலைல யாரு சார் எண்ணுவாங்க?" என்றார் மேடம். "புதுசா ஒருத்தர் வருவாரு. அவுருக்கு பூரி புடிக்கும். இவுரு ஒரு தடவ மாட்டிக்கினாரு. இனிமே எண்ணாம எழுதமாட்டாரு."

அப்படித்தான் வேலை தப்பியது. மேடம் கொடுத்த தண்டனை வேறு. நான் மெஸ்ஸில் உட்கார்ந்து எழுதிய தாள்கள் ஒவ்வொன்றிலும் குறுக்கே கோடு போட்டு, "இது எண்ணி எழுதியது அல்ல" என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். முப்பத்திரண்டு தாள். முடித்துவிட்டு முதல் நான்கு தாளை மட்டும் தனியாக நீட்டினேன்.

"இது நெசமாவே எண்ணுனது மேடம்."

அவர் வாங்கிப் பார்த்தார். நான்கு நாள், மூன்று கொசு. மூன்றுமே எங்கள் அறையிலும் அடுத்த அறையிலும், அதாவது மொட்டைமாடிப் படிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு அறைகளில்.

"இதே மாரி இன்னும் ரெண்டு வாரம் எழுதியிருந்தீங்கன்னா, நான் அன்னிக்கே மொட்டமாடி ஏறியிருப்பேன்" என்றார். தாள்களைப் பைக்குள் வைத்து மூடினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஃபிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எச்.ஆர். வாங்கவில்லை. "உன் பேரு போட்டிருக்கு, வேற யாருக்குக் குடுக்குறது?" என்றார்.

மறுநாள் காலை மேடமும் நானும் மொட்டைமாடிக்குப் போகச் சாவி கேட்டோம். வாட்ச்மேன் தயங்கினார்.

"மேல இன்னாம்மா கீது? காத்துதான் கீது."

மேலே போனால், கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் மூடி ஓர் ஓரமாக மல்லாந்து கிடந்தது. மூடி நிறைய மிளகாய் வற்றல்.

"மூடி நல்லா வட்டமா கீது மேடம், சுத்தி வெளிம்பு வேற கீதா, காத்தடிச்சாலும் மொளகா சிந்தாம காயுது" என்றார் வாட்ச்மேன், ஒரு கண்டுபிடிப்பை விளக்குகிற மாதிரி. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டுகிற தகுதியில் நான் இல்லை.

மேடம் நீளக் காம்பு வைத்த வெள்ளை அகப்பையைத் தொட்டிக்குள் விட்டு தண்ணீரை மொண்டார். பார்க்கச் சுத்தமான தண்ணீர். அதைத்தான் நாங்கள் ஐம்பது அறுபது பேரும் வாயில் ஊற்றிக் கொப்பளித்துக்கொண்டிருந்தோம். அகப்பையை வெயிலில் பிடித்தபோது மேல்மட்டத்தில் சின்னச் சின்னக் குச்சிகள் போல ஏதோ படுத்துக் கிடந்தன. நிழல் பட்டதும் நெளிந்தன. கொசுப் புழு. சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்குமாம், மலேரியாக் கொசுவின் புழு இப்படித் தண்ணீரோடு தண்ணீராகப் படுத்திருக்குமாம்.

"எண்ணுங்க" என்றார்.

எண்ணினேன். பதிமூன்று. மறுபடி எண்ணினேன். பதினான்கு. இன்னொரு தடவை எண்ணினேன்.

"பதினாலு மேடம். ஒண்ணு அடியில போய்ட்டு வந்துருக்கு."

அவர் பதினான்கு என்று எழுதிக்கொண்டார். நான் சொன்ன எண்ணை ஒருவர் நம்பி எழுதுகிறார் என்பது அன்று எனக்குப் பயமாக இருந்தது.

தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, மூடியைப் போட்டு, சந்துக்கெல்லாம் வலை கட்டினோம். மிளகாய் ஒரு பழைய சாக்குக்கு மாறியது. தினமும் ஆறரை மணிக்கு நான் குழாயோடு அறை அறையாகப் போனேன். பேண்ட்டுக்காரன் இப்போது தானே எழுந்து பேண்ட்டை எடுத்துக் காட்டினான். எண் குறைய மூன்று நான்கு வாரம் ஆனது. ஐந்து அறையிலும் ஒன்றுகூட இல்லை என்ற நாள் வந்தபோது பூஜ்யம் எழுதக் கை வரவில்லை. மறுபடி முதலிலிருந்து எல்லாச் சுவரையும் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினேன். அன்று பஸ்ஸைத் தவறவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒன்று பாக்கி இருந்தது. தொட்டி கழுவிய அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் என் நண்பனிடம் விஷயத்தைச் சொன்னேன். காய்ச்சல் இறங்கி, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் பாதியாக இருந்தது. பதினான்கு நாள் மாத்திரை கொடுத்திருந்தார்கள். எல்லாம் கேட்டுவிட்டு, கண்ணை விரித்து என்னைப் பார்த்தான்.

"என் இட்லியவால எண்ணிக்கிட்டு இருந்த? ஒருத்தன் திங்கிறத எண்ணலாமால? அதான் எனக்கு இப்படி ஆயிருச்சு!"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"எட்டு தின்னவன் ஒண்ணுக்கு வந்துருக்கேன். அதக்கூடத் தின்ன முடியாம வச்சுட்டு எந்திரிச்சிருக்கேன். தெனமும் எதிர்ல உக்காந்து பாத்து எழுதியிருக்க. ஏம்ல, ஒரு நாளாவது என்னன்னு கேக்கணும்னு தோணலையா?"

எச்.ஆர். கேட்ட எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதுவிடுவேன் போலிருந்தது.

அவனுக்கே என்னைப் பார்க்கப் பாவமாகப் போயிருக்க வேண்டும். "சரி, மூஞ்சிய அப்படி வச்சிக்கிட்டு நிக்காத. பசிக்கி. கீழ போயி என்னமும் வாங்கிட்டு வா" என்றான். நான் வாசல் வரை போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "எத்தனன்னு எண்ணாத!"

இப்போது நான் மறைமலை நகரில் வேறொரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க எண்களோடுதான் பிழைப்பு. யார் எத்தனை செய்தார்கள், எத்தனை கழிந்தது, எத்தனை குறைந்தது என்று கட்டம் கட்டமாக வரும். யாருடைய எண்ணாவது இறங்கியிருந்தால், காரணம் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு எழுந்து அவர் நிற்கும் இடம் வரை நடந்து போகிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, "இதுக்கா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று அவர்களே சிரிப்பார்கள். சிரிக்கட்டும், என் நண்பன் கேட்ட அந்தக் கேள்வியை இன்னொருவர் என்னிடம் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காக, நான் இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் வீணாக நடந்துவிட்டு வருவேன்.